ஆபத்துகள் என்ற பகுதி

பிப்ரவரி. மொன்டானாவில் பாதிச் சன்னல்வரை பனி.
சமையல் மேசையில் மடிக்கணினி, ஆறிப்போன காப்பி,
வன இலாகாவின் ஒப்பந்த அறிவிப்பு, நாற்பத்தோரு பக்கம்.
காட்டுத்தீ முகாம்களுக்கு
நடமாடும் குளியலறை வேண்டுமாம்.
எங்களிடம் ஒன்று இருக்கிறது:
பன்னிரண்டு குழாய், இரண்டு கொதிகலன்,
இன்னும் கடன் தீராத ஒரு டிரெய்லர்.
கம்பெனியில் மொத்தம் இரண்டு பேர்.
நானும் என் நாத்தனார் டெல்ஃபினும்.
அவளுக்கு வெல்டிங் தெரியும், எனக்குக் கணக்குத் தெரியும்,
திட்ட அறிக்கை எழுத இருவருக்கும் தெரியாது.

நிறுவனத்தின் நோக்கம்?
"சம்பாதிக்கிறது" என்றாள் டெல்ஃபின்.
அடித்தேன், அழித்தேன்.
"தீயணைப்போரின் நலம்" என்று போட்டேன்.
பொய்யில்லை.
ஆனாலும் விரல் கூசியது.

சிறுதொழில் மையத்துத் திருமதி ப்ரூயிட்
மூக்குக்கண்ணாடியை இறக்கிக் கேட்டார்:
"நல்ல கோடை என்று எழுதியிருக்கிறீர்களே,
யாருக்கு நல்லது?"
அதைச் 'செயல்பாட்டுப் பருவம்' ஆக்கினோம்.
'தீ' வந்த இடமெல்லாம் 'நிகழ்வு'.
தேய்த்துக் குளிப்பாட்டிய மாதிரி
அறிக்கையில் ஒரு பொட்டுக் கரி இல்லை.

மூன்றாண்டு வருமான மதிப்பீடு.
எத்தனை நாள் வேலை என்கிறது கட்டம்.
எத்தனை நாள் எரியும் என்று அதற்கு அர்த்தம்.
நாற்பது நாள் எரிந்தால் தவணை கட்டலாம்.
அறுபது எரிந்தால் இரண்டாவது டிரெய்லர்.
தொண்ணூறு என்று
சும்மா ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.
அடிவரியில் சிவப்பு எண்கள் பச்சையாயின.
பச்சை!
வேறு நிறமே கிடைக்கவில்லையா இவர்களுக்கு?
வெளியே சரிவில் பைன் மரங்கள்
முதுகில் பனியோடு நின்றன,
விலை பேசப்படுவது தெரியாத மந்தை.
தொண்ணூறை அழித்தேன்.
முப்பத்தெட்டு.
கட்டுப்படியாகாது. இருக்கட்டும்.

தகுதியும் முன்னனுபவமும், நானூறு எழுத்துக்குள்.
போன ஆகஸ்டில் இன்னொருவரிடம் உள்குத்தகை எடுத்தோம்,
பதினாறு நாள், புகார் ஏதுமில்லை என்று எழுதினேன்.
எழுதாதது:
ஏழாம் எண் குழாயடியில் ஒரு பையன்.
ஆளுக்கு மூன்று நிமிடம்தான் தண்ணீர்.
திரைக்குக் கீழே பாதங்கள் அசையவில்லை.
மசியாக ஓடிய தண்ணீர் சாம்பலாகித்
தெளிந்து
தெளிந்தபடியே ஓடியது.
நின்றவாக்கில் தூங்கிப்போயிருந்தான்.
நான் மணி அடிக்கவில்லை.
வரிசையில் நின்ற கரிமுகங்களும்
ஏன் என்று கேட்கவில்லை.

கடைசியில் ஆபத்துகள்.
டயர் வெடிக்கலாம். கொதிகலன் மக்கர் பண்ணலாம்.
மிசூலாவில் ஒருவர் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்.
பிறகு, மறைக்க மனமில்லாமல்,
மழை.
தோளுக்கு மேலாக எட்டிப் படித்த டெல்ஃபின்
"அதை எடு" என்றாள்.
"மழையை ஆபத்து என்று எழுதினவளுக்கு
எவன் கடன் கொடுப்பான்?"
எடுத்தேன். அறை முழுக்க அமைதி.
அவளே குனிந்து
ஒவ்வொரு எழுத்தாகத் திரும்ப அடித்தாள்.

ஜூனில் கடிதம் வந்தது. தேர்வாகிவிட்டோம்.
அழைத்தால் இருபத்துநாலு மணி நேரத்தில் வர வேண்டும்.
அழைப்போம் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.
இரண்டு வாக்கியமும் ஒரே பத்தியில்.

ஜூலை பன்னிரண்டு. மூன்றாம் நாளாகக் கொட்டுகிறது.
பதினைந்தாம் தேதி தவணை.
முற்றத்தில் பளபளவென்று நிற்கிறது டிரெய்லர்,
தானே குளித்துக்கொண்டு.
பக்கத்துப் பண்ணை ஹாஸ்கெல் வேலியருகே வண்டியை நிறுத்தினார்.
அறுத்துப் போட்ட புல்லெல்லாம் ஊறிக் கிடக்கிறது அவருக்கு.
"இருந்தாலும் நல்ல மழை, இல்லையா?" என்றார்.
"ஆமாம்" என்றேன்.
அவருக்குக் காது மந்தம்,
"என்ன?" என்றார்.
"ஆமாம்" என்றேன் மறுபடி, உரக்க.
இரண்டாவது தடவை
அது உண்மையாகவே வந்தது.